யாரும் உட்காராத பின் சீட்டு

வீட்டில் இரண்டு கார் இருந்தால் வசதி என்று நினைக்கிறீர்களா? இந்த வீட்டில் இரண்டாவது கார் வந்த நாளிலிருந்து அப்பாவும் மகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

போன வாரம் பத்திரிகையை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதால் படிக்க முடியாமல் போனவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொகுசு காரை வாடகைக்கு விடுவது இந்தக் குடும்பத்தின் தொழில். ஓட்டுவதும் அவர்களேதான். அப்பாவிடம் இருப்பது பழைய வண்டி. நீண்ட மூக்கு, நீண்ட வால், தரையை ஒட்டிப் பதுங்கிப் போகிற உடம்பு. வாடிக்கையாளர்கள் அதைக் கப்பல் என்பார்கள். அதை ஓட்டுகிற அப்பாவைக் கேப்டன் என்பார்கள். வீட்டிலும் அதே பெயர்தான்.

மகன், அதாவது வீட்டின் சின்னவன், ஒரு நாள் யாரிடமும் மூச்சு விடாமல் புத்தம் புது வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். கறுப்பு நிறம். ஆளுயரம். கேப்டன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "என்னடா இது, பீரோவுக்குச் சக்கரம் மாட்டிக் கொண்டுவந்திருக்க?" என்றார். அதோடு அதன் பெயர் பீரோ ஆகிவிட்டது.

சின்னவன் சும்மா இருக்கக் கூடாதா? டேப்பை எடுத்து இரண்டையும் அளந்தான். பீரோ கப்பலைவிட ஒரு சாண் அதிக நீளம், அரைச் சாண் அதிக அகலம். ஊரிலேயே பெரிய வண்டி தன்னுடையது என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு எப்படி இருக்கும்? "டேப் பழசுடா, இழுத்து இழுத்து நீண்டு போச்சு" என்று சாதித்தார். அதே டேப்பால்தானே கப்பலையும் அளந்தான் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் இல்லை.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. வீட்டுப் பக்கத்தில் இருக்கிற ஷெட்டில் கப்பலும் ஒரு சின்னக் காரும் தாராளமாக நிற்கும். கப்பலும் பீரோவும் சேர்ந்து நிற்காது. முட்டி மோதிப் பார்த்தார்கள், கதவைத் திறந்து இறங்க முடியவில்லை. வெளியே விட்டால் வெயில், மழை, பக்கத்து வீட்டுப் பூனை.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, முதுகுத்தண்டில் ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவும் மகனும் குசுகுசுவென்று சண்டை போட, கோபத்தில் கேப்டன் ஒரு வார்த்தையை விட்டார். "உங்கம்மா எந்த வண்டியில வலியில்லாம வீட்டுக்கு வந்து சேர்றாளோ, அந்த வண்டி ஷெட்டுல நிக்கட்டும். இன்னொண்ணு போகட்டும். இதுதான் முடிவு."

கேப்டன் சொன்ன சொல் மாறாதவர். அதுதான் எல்லோருக்கும் கவலை.

இன்று அம்மா வீட்டுக்கு வருகிற நாள்.

*

காலையிலேயே இரண்டு வண்டிக்கும் குளியல் நடந்தது. ஷெட்டுக்குள் கேப்டன், வாசலில் சின்னவன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்.

"கப்பல்ல ஏறினா ரோடு இருக்கறதே தெரியாது" என்றார் கேப்டன், துணியைப் பிழிந்தபடி. யாரிடம் சொன்னார் என்று சொல்ல முடியாது. வாளியிடம் இருக்கலாம்.

"இதுல சீட்டு படுக்கையாட்டம் சாயும்" என்றான் சின்னவன் தன் பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்து. "சூடு பண்ணும். முதுகை அமுக்கி விடும்."

"அமுக்கி விட ஆள் வெச்சுக்கலாம். காரு எதுக்கு?"

"டாக்டர் அம்மாவை ஆடாம அசையாம கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காரு."

"அதைத்தான்டா நானும் சொல்றேன். என் கையில ஸ்டியரிங் இருக்கும்போது எவன் ஆடியிருக்கான்?"

இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருந்தது. ஆனால் இருவருக்குமே ஒரு விஷயம் தெரியாது. தெரியாது என்பதே அவர்களுக்குத் தெரியாததுதான் வேடிக்கை. ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், அங்கே வெளிவரும்.

இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஒரே ஒரு நோயாளியை அழைத்து வர ஊர்வலம் போவது போல இருந்தது.

*

அம்மாவோடு ஆஸ்பத்திரியில் தங்கியிருந்தவள் பெரியவள், சின்னவனின் அக்கா. அவளும் டிரைவர்தான். வெளியில் ஒருவருடைய சின்னக் காரை ஓட்டுகிறாள். கப்பலைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. அவளுக்கு என்ன, யாருக்குமே இல்லை. கப்பலின் சாவி கேப்டனின் சட்டைப் பையைவிட்டு வெளியே வந்ததில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட். முகத்தில் மட்டும் பழைய தெளிவு. இந்தத் தொழிலின் குரலே அம்மாதான். புக்கிங் போனை எடுப்பது அவள் வேலை. முதுகில்லாத ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, காலையிலிருந்து பொழுது சாயும் வரை மற்றவர்களுக்குச் சொகுசு விற்றவள். "பின்னாடி உக்காந்து பாருங்க சார், அப்புறம் இறங்கவே மனசு வராது" என்று அவள் சொன்னால் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் கப்பலை புக் பண்ணிவிடுவான். அந்த ஸ்டூல்தான் அவள் முதுகை வாங்கியது என்று டாக்டர் சொன்னபோது கேப்டன் அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைக்கிறேன் என்று குதித்தார். வருத்தத்தை அப்படித்தான் அவருக்குக் காட்டத் தெரியும்.

பிசியோதெரபி பார்க்கிற பெண் உள்ளே வந்தாள். அவளுக்கு நடையே ஓட்டம்தான்.

"யாரு வண்டி ஓட்டப் போறது?"

"நான்" என்றார் கேப்டன்.

"நான்" என்றான் சின்னவன்.

பெரியவள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டு வண்டியா? சரி. பின் சீட்டு தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்? அம்மாவோட முழங்காலுக்கு மேல இருக்குமா, கீழ இருக்குமா?"

இருவரும் தலையைச் சொறிந்தார்கள்.

"ஏறும்போது குனியணுமா? தலை இடிக்குமா? இறங்கும்போது பிடிச்சுக்க ஏதாவது இருக்கா?"

கேப்டன் மகனைப் பார்த்தார். மகன் அப்பாவைப் பார்த்தான். பல நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"ஏங்க, உங்க காருதானே? பின் சீட்ல உக்காந்ததே இல்லையா?"

உட்கார்ந்ததே இல்லை. அதுதான் விஷயம்.

பின் சீட்டு வாடிக்கையாளர் சீட்டு. இது கேப்டன் போட்ட சட்டம். வீட்டு ஆட்கள் யாரும் அதில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மெத்தை அமுங்கும், வாசம் மாறும், மரியாதை போகும். அம்மா எங்கே போனாலும் முன் சீட்டு. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது முன் சீட்டில் அம்மா மடியில். பெரியவள் கல்யாணத்தன்றுகூட மணப்பெண் முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போக, மாப்பிள்ளை அடுத்த காரில் தனியாக வந்தார். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

ஆக, எந்த வண்டி சுகம் என்று இத்தனை நாள் வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்ட இருவரும் ஸ்டியரிங் பக்கத்திலிருந்துதான் பேசிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுத்து ஏறுகிறவன் உட்காருகிற இடம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது!

"வாங்க, கீழ போய்ப் பாத்துடலாம்" என்றாள் பிசியோ பெண். அவளுக்குச் சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. வந்திருந்தாலும் தொழில் மரியாதைக்காக விழுங்கியிருப்பாள்.

*

அம்மாவைச் சக்கர நாற்காலியில் போர்டிகோவுக்குக் கொண்டுவந்தார்கள். மூத்தவருக்கு முதல் மரியாதை. கப்பலின் பின்கதவைக் கேப்டன் திறந்தார். அந்தக் கதவைத் திறப்பதில் அவருக்கு ஒரு தோரணை உண்டு. இடது கை முதுகுக்குப் பின்னால், தலை லேசாகச் சாய்ந்து.

உள்ளே நீளமான ஒரே சீட்டு. தேன் நிறத் தோல். பார்த்தாலே படுத்துத் தூங்கத் தோன்றும்.

பிசியோ பெண் சீட்டின்மேல் கையை வைத்து அழுத்தினாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. "ரொம்பத் தாழ்வா இருக்கு. உக்காந்தா இன்னும் கீழ போகும். இடுப்பு முழங்காலுக்குக் கீழ இறங்கவே கூடாது."

"ஒரு தலையணை போட்டுட்டா?" என்றார் கேப்டன்.

போட்டார்கள். பெரியவள் மாடிக்கு ஓடி இன்னொன்றும் கொண்டுவந்தாள். இப்போது உயரம் சரியாக வந்தது. ஆனால் கூரை இடித்தது. வெளியே பார்க்கக் கப்பல்தான், உள்ளே தலைக்கு மேலே ஒரு கையகலம்கூட மிச்சமில்லை. அவ்வளவு நீளமும் மூக்கிலும் வாலிலும் போயிருந்தது.

"இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லைங்க" என்று கேப்டன் பிடித்த பிடியில் நின்றார். "நான் உக்காந்து காட்டறேன், பாருங்க."

சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினார். குனிந்தார், தலையை உள்ளே விட்டார், காலை மடக்கினார், பொத்தென்று அமர்ந்தார். சீட்டு அவரைத் தாங்கி மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது. "ஆகா" என்றார். "மெத்தைடா. மெத்தை!"

"சரி, இப்ப இறங்குங்க சார்" என்றாள் பிசியோ பெண்.

கேப்டன் எழ முயன்றார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. முன் சீட்டைப் பிடித்து ஒரு எம்பு எம்பினார். பாதி வந்து மறுபடி விழுந்தார். வலது காலை வெளியே வைத்தார், இடது கால் உள்ளே மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்ப்பது போலப் பாவனை செய்தார்.

அந்த உட்கார்தல் அவருக்கு நன்றாகத் தெரிந்ததுதான். எத்தனை வாடிக்கையாளர்கள் அதே போல உட்கார்ந்திருக்கிறார்கள்! இறங்கும் இடம் வந்ததும் கேப்டன் கதவைத் திறந்து நிற்பார். வயதானவர்கள் உடனே இறங்க மாட்டார்கள். சீட்டைத் தடவுவார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், வெயிலைப் பற்றி ஏதாவது பேசுவார்கள். வண்டியைப் பிரிய மனசில்லை என்று கேப்டன் பூரித்துப் போவார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வார். அதைத்தான் அம்மா போனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரியவள் இரண்டு கையையும் நீட்டினாள். "புடிங்கப்பா."

அவள் இழுத்த இழுப்பில் கேப்டன் வெளியே வந்தார். கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மனசில்லாம இல்ல" என்றார் மெதுவாக. "முடியாம உக்காந்திருந்திருக்காங்க. பாவம், மரியாதைக்கு ஒருத்தரும் சொல்லல."

சின்னவன் இந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்தான். அவனை நான் எத்தனையோ குறை சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு விஷயத்துக்காகப் பாராட்டிவிடுகிறேன்.

"நான் மெதுவா ஏறிப் பாக்கறேன்" என்றாள் அம்மா. கணவர் முகம் வாடியதை அவளால் பார்க்க முடியவில்லை. வலித்தாலும் பரவாயில்லை என்று நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தாள். கப்பலின் கதவைப் பிடித்தாள். லேசாகத்தான் குனிந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை.

கேப்டன் அதைப் பார்த்துவிட்டார். போனில் ஊரையே பேசி வசப்படுத்துகிறவள், தன் வலியை மட்டும் ஒருவருக்கும் சொல்லத் தெரியாதவள்.

"வேணாம்" என்றார். அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "நீ குனியாத. நானே சொல்றேன், இது வேணாம்." பிறகு மகன் பக்கம் திரும்பி, "அந்த பீரோவைக் கொண்டாடா" என்றார்.

அப்படிச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஷெட்டில் எது நிற்கும் என்பதும் அதோடு முடிந்துபோனது.

*

பீரோ வந்து நின்றது. சின்னவன் உள்ளே ஏதோ பொத்தானை அமுக்க, வண்டி உஸ்ஸென்று மூச்சு விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கியது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகச் சக்கரத்துக்கு மேல் காற்றுப் பை இருக்கிறதாம். பிசியோ பெண் சீட்டின் உயரத்தையும் அம்மாவின் முழங்காலையும் பார்த்துத் தலையசைத்தாள்.

"மொதல்ல திரும்பி நில்லுங்கம்மா. பின்பக்கம் சீட்ல படட்டும். இப்ப ரெண்டு காலையும் சேர்த்துத் திருப்புங்க. அவ்வளவுதான்."

அம்மா குனியவே இல்லை. வீட்டு நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்தாள். சாய்ந்தாள். "அம்மாடி" என்றாள். அதில் வலி இல்லை.

"நான் கப்பலை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வர்றேன்" என்றார் கேப்டன்.

"நீங்க இங்க வாங்க" என்றாள் அம்மா.

"எங்க?"

"என் பக்கத்துல. பின் சீட்ல."

"அப்போ கப்பலு?"

"அவ ஓட்டிட்டு வரட்டும்."

கேப்டனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவியை வெளியே எடுத்தார், மறுபடி உள்ளே போட்டார், மறுபடி எடுத்தார். பிறகு பெரியவளிடம் நீட்டிவிட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தார். கிளட்சைப் பாதிதான் மிதிக்கணும், ரிவர்ஸ் போடும்போது கியர் கம்பியைத் தூக்கிப் போடணும், திருப்பத்தில் மூக்கு எங்கே இருக்கிறது என்று நினைப்பு வேணும். பெரியவள் எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாக "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுக்கொண்டாள். குனிந்து அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டது போல எனக்குப் பட்டது. கேப்டன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

*

பீரோவின் பின்பக்கம் ஒரே சீட்டு கிடையாது. இரண்டு தனித்தனி நாற்காலிகள். நடுவில் தொட்டி போல ஒரு மேடு. அதில் திரை, பொத்தான், டம்ளர் வைக்கப் பள்ளம் என்று ஏகப்பட்ட சங்கதி.

"இவ்ளோ பெரிய வண்டியில ரெண்டே பேருதான் உக்கார முடியுமா?" என்றார் கேப்டன். "கப்பல்ல மூணு பேரு காலை ஆட்டிக்கிட்டுப் போவாங்களே. பெருசா கட்டிட்டு நடுவுல சுவர் எழுப்பி வெச்சிருக்கான்."

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எதையோ அமுக்கினார். அடுத்த நொடி துள்ளி எழுந்தார். "டேய்! உள்ள ஏதோ ஓடுதுடா!"

"அது முதுகு அமுக்கிவிடறதுப்பா."

"நிறுத்துடா, கூச்சமா இருக்கு!"

அம்மா வயிறு குலுங்காமல் சிரிக்கப் படாத பாடு பட்டாள்.

வண்டி நகர்ந்தது. கேப்டனுக்கு வலது கால் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு வேகத்தடையிலும் இல்லாத பிரேக்கை மிதித்தார். முன்னால் தெரிவது மகனின் பின்தலை மட்டும். எதுவுமே தன் கையில் இல்லாமல் ஒருவன் காரில் போக முடியும் என்பதே அவருக்குப் புதுசாக இருந்தது.

கடைத்தெருவைத் தாண்டியதும் குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோடு வந்தது. டக், டக் என்று ஒவ்வொரு ஓரமும் சீட்டில் வந்து இறங்கியது. அம்மாவின் கண் சுருங்கியது.

"பாத்தியா? கப்பல்ல இது தெரியவே தெரியாது" என்று ஆரம்பித்த கேப்டன், மனைவி முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றினார். "டேய், நிறுத்து. பின்னாடி தூக்கிப் போடுது."

"தூக்கிப் போடுதா? இங்க ஒண்ணுமே தெரியலயேப்பா."

"அங்க எப்படித் தெரியும்? நீயும் என்னை மாதிரிதானே? என்ன பண்ணி வெச்சிருக்க?"

சின்னவன் ஓரமாக நிறுத்தித் திரையைத் தடவிப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் கச்சிதமாக இருக்கும் என்று வண்டியை விறைப்பாக வைக்கிற ஒரு அமைப்பை வாங்கிய நாளிலேயே போட்டுவிட்டு மறந்திருக்கிறான். ஓட்டுகிறவனுக்கு ஜோர். பின்னால் இருப்பவன் தன் எலும்பை எண்ண வேண்டியதுதான். இத்தனை நாள் ஏறிய வாடிக்கையாளர்கள் எல்லோரும் அப்படித்தான் எண்ணிக்கொண்டே வந்திருப்பார்கள்.

"ஒருத்தரும் சொல்லலப்பா" என்று அசடு வழிந்தான்.

"மரியாதைக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார் கேப்டன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அமைப்பை மாற்றியதும் வண்டி சாதுவாகிவிட்டது. சின்னவன் பள்ளத்தைக் கண்டால் ஒரு சக்கரத்தை மட்டும் மெல்ல இறக்கி, மறு சக்கரத்தைப் பிறகு இறக்கி, தொட்டிலைத் தூக்கிக்கொண்டு நடப்பது போல ஓட்டினான். கேப்டன் கவனித்துக்கொண்டே வந்தார். பையன் இப்படி ஓட்டுவான் என்று அவருக்குத் தெரியாது. அவன் ஓட்டப் பழகிய நாளில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்ததால் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. வலது கால் எப்போது மிதிப்பதை நிறுத்தியது என்று அவருக்கே தெரியவில்லை.

"நல்லா ஓட்டறான்" என்றார் அம்மாவிடம், மகனுக்குக் கேட்கிற மாதிரி.

நடுவிலிருந்த மேட்டின்மேல் அம்மாவின் கை இருந்தது. கேப்டன் எட்டி அதைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் உங்க பக்கத்துல உக்காந்து வந்திருக்கேன்" என்றாள் அம்மா. "நீங்க ரோட்டைத்தான் பாப்பீங்க. இன்னைக்குத்தான் என்னைப் பாத்துக்கிட்டே வர்றீங்க."

அவள் சந்தோஷமாக இருந்தாள், அவரும் சந்தோஷமாக இருந்தார். அதற்கு மேல் எதற்குப் பேச்சு?

கொஞ்ச தூரம் போனதும் பழைய கவலை எட்டிப் பார்த்தது. "கப்பலை எப்படிக் கொண்டுவர்றாளோ. ரிவர்ஸ் கம்பி கொஞ்சம் முரண்டு பண்ணும்."

"அதெல்லாம் அக்காவுக்கு அத்துப்படிப்பா" என்று சொல்லிவிட்டுச் சின்னவன் சட்டென்று பேச்சை நிறுத்தினான்.

"எப்படி?"

சின்னவன் கண்ணாடியைச் சரிசெய்தான்.

"எப்படிடா?"

"நீங்க மத்தியானம் தூங்குவீங்கல்ல... சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு..."

கேப்டன் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னல் வழியாக ஏதோ மரத்தை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?"

"நாளா?" என்றான் சின்னவன். "வருஷக்கணக்கா."

*

வீட்டு வாசலுக்கு வந்தபோது ஷெட் காலியாக இருந்தது.

கப்பல் இவர்களுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். குழாய் ரோடு இல்லாத வழியாகத்தான் பெரியவள் வருவதாகச் சொல்லியிருந்தாள். சின்னவன் போன் போட்டான். அவள் எடுக்கவில்லை.

"வரமாட்டா" என்றாள் அம்மா.

"என்னது?"

"கப்பலுக்கு ஒரு புக்கிங் இருக்குங்க. நாந்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே."

அம்மா சீட்டைவிட்டு நகராமல், புக்கிங் போனில் பேசுகிற அதே குரலில் விளக்கினாள். "பாட்டு டீச்சரம்மா இருக்காங்கல்ல, குள்ளமா, ஒல்லியா? அவங்களுக்கு உசரமான வண்டியில ஏறினா தலை சுத்தும். கப்பல்ல நீட்டிப் படுத்துக்கிட்டே போவாங்க. இறங்கறதுக்கும் கஷ்டமில்ல, பந்து மாதிரி எகிறிக் குதிச்சிடுவாங்க. அவங்ககிட்ட படிச்ச பொண்ணுங்களை எல்லாம் ஊர் ஊரா போய்ப் பாக்கணுமாம். கப்பல்தான் வேணும்னாங்க. நீங்க வண்டி போகணும்னு சொன்ன அன்னைக்கு சாயங்காலம்தான் பேசினாங்க. பெரியவகிட்ட கேட்டேன், போறேன்னு சொன்னா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும். கதவைத் திறந்து கேப்டன் இறங்கினார். தானே இறங்கினார், யாரும் இழுக்கவில்லை. ஷெட்டின் முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றார். தரையில் கப்பல் நின்ற இடம் மட்டும் காய்ந்து வெளுப்பாக இருந்தது, சுற்றிலும் காலையில் கழுவிய ஈரம் இன்னும் போகவில்லை.

கோபம் வரும் என்று சின்னவன் காத்திருந்தான். வரவில்லை.

"ஒரு வண்டி போகணும்னு சொன்னேன்" என்றார் கேப்டன். "போயிடுச்சு. எங்க போகணும், யாரு ஓட்டணும்னு நான் சொல்லல. என் வார்த்தையைக் காப்பாத்திட்டேன்."

"எப்ப திரும்பி வருவாம்மா?" என்றான் சின்னவன்.

"முடியற தேதி போடல" என்றாள் அம்மா. அது புக்கிங் போனில் பேசுகிற குரல் இல்லை, மகளை வழியனுப்பிய தாயின் குரல்.

சின்னவன் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் அம்மாவைப் பிசியோ பெண் சொன்னபடியே இறக்கினான். இரண்டு காலையும் சேர்த்து, குனியாமல், திரும்பி. அவள் நிமிர்ந்து நின்றாள், வலி இல்லை என்று தலையசைத்தாள். அவளை உள்ளே விட்டுவிட்டு வந்து அவன் மறுபடி வண்டியில் ஏறி, பீரோவை ஷெட் பக்கம் திருப்பினான். இப்போது இடத்துக்குப் பஞ்சமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடலாம்.

கேப்டன் வழியில் நின்று கையைக் காட்டினார்.

"வெளியவே நிக்கட்டும்டா" என்றார். "அவ எந்த நேரத்துல வந்து நிப்பாளோ, யாருக்குத் தெரியும்?"